பாட்டுக்கு அஞ்சும் அரசு

கொடுங்கோலரசு முதலில் பத்திரிகையின் வாயை அடைக்கும். அடுத்தபடியாகப் பாடுவோரின் வாயை அடைக்க முற்படும். எழுத்து படித்தவர்க்கே எட்டும். பாட்டோ ஏடறியாதார் நெஞ்சிலும் ஏறி நிலைத்துவிடும். இதை உணர்ந்தே பிரிட்டிஷ் சர்க்கார், தனக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடுக்க 1876-ம் வருஷத்திலேயே சட்டம் செய்துகொண்டது.

சின்னமனூர் முதலிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்கள் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த மதுரை நாடகமேடையில் வள்ளி திருமணம் வெறும் புராணக் கதையாக நிற்கவில்லை. தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் கட்டத்தில், எஸ்.எஸ். விசுவநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பாடினால், விரட்டப்படுவது யாரென்பது சபையோருக்கு விளங்கும். காவல் நின்ற போலீஸாருக்கும் விளங்கும்.

அவருடன் மேடையேறிய ஸ்திரீரத்தினம் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். 1917-ல் பிறந்தவர். விசுவநாததாஸ் மருத்துவர் குலத்தினர் என்ற காரணத்தால் நடிகைகள் அவருடன் ஜோடியாக நடிக்க மறுத்தபோது, ஜானகி அம்மாள் தயங்காது முன்வந்தார். அந்நிய ஆட்சி, ஜாதிச் செருக்கு என்னும் இரண்டையும் அவர் ஒரே மேடையில் எதிர்த்தார். இரண்டாவது உலக யுத்தத்துக்கு விரோதமாகப் பிரசாரம் செய்ததற்காக, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறையும் புகுந்தார். 1967-ல் மதுரை ஜனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1937 தேர்தலில் காங்கிரஸுக்காகப் பாடியதையும், 1947 ஆகஸ்டு 15-ல் டி.கே. பட்டம்மாள் சென்னை வானொலியில் பாரதியார் பாட்டுக்களைப் பாடியதையும் தமிழுலகம் மறக்காது.

நமக்கு விடுதலை தந்த அதே ஆகஸ்டு 15-ம் தேதி, 2021-ல் ஆப்கானியப் பெண்களின் குரலைப் பறித்தது. அன்று தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினார்கள். அங்கே பெண்கள் மட்டுமே கூடி வாசித்த 'ஸோரா' என்னும் வாத்தியக் குழு உலகப் புகழ் பெற்றிருந்தது. அக்குழுவை வளர்த்த தேசிய ஸங்கீதக் கழகத்தின் மாணாக்கரும் ஆசிரியரும் குடும்பத்தினருமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் தாய்நாட்டைத் துறந்து போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தார்கள். 2024-ல் பிறந்த சட்டமோ, வெளியிலே பெண்ணின் குரலே கேட்கலாகாது என்றது. ஆயினும் நாடிழந்த அப்பெண்கள் வாத்தியத்தை இழக்கவில்லை. தாய்நாட்டில் தடுக்கப்பட்ட இசையை அந்நிய தேசத்து மேடைகளில் முழங்கினார்கள்.

தாலிபானைக் கண்டிப்பது எளிது. நம் வீட்டு வாசலையும் சற்றே நோக்குவோம். திருவிழா மேடையில் விடியவிடியப் பாடும் நடிகைக்கு இரவெல்லாம் கைதட்டி, விடிந்தபின் அவளை இழிவாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இல்லையா? பெண் குரலைச் சட்டத்தால் அடைப்பது ஒருவகை. அவமதிப்பால் அடைப்பது மற்றொருவகை. ஜானகி அம்மாள் இரண்டையும் கண்டவர், இரண்டுக்கும் பணியாதவர். அவரைப் போற்றுவோர், தத்தம் ஊர் மேடையில் பாட வரும் பெண்ணுக்குக் குறையாத ஊதியமும் குன்றாத மரியாதையும் தருவதே அவருக்குச் செய்யும் கைம்மாறு.