பெயரும் பொருளும்
வீடியோ விளையாட்டுகளின் வகைப்பெயர்கள் பற்றிச் சில எண்ணங்கள்

மரச்சீனிக் கிழங்குக்குப் பெயர்கள் பல. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் அது மரச்சீனி. வடக்கே கொச்சிப் பக்கம் சென்றால் அதுவே கப்பை. தமிழகத்தின் உட்பகுதிகளில் மரவள்ளி. ஈரோட்டு வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு. பெயர் எதுவாயினும் கிழங்கு ஒன்றே. ஆனால் அதனை நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணவேண்டும் என்ற செய்தி இப்பெயர்களுள் எதிலும் இல்லை. பெயர் ஒரு பொருளை அடையாளம் காட்டும். அப்பொருள் நம்மை என்ன செய்யும் என்பதைக் காட்டாது.

இந்த எளிய உண்மையை, நம் பிள்ளைகள் நாள்தோறும் கைப்பேசியில் ஆடும் வீடியோ விளையாட்டுகளோடு பொருத்திப் பார்க்க விழைகிறோம். சங்கத்தின் திங்களிதழில் விளையாட்டைப் பற்றியும் எழுதவேண்டுமா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். பிழைப்பை நாடி வந்து நெய்யாற்றின்கரை வட்டத்துச் சிற்றூர்களில் குடியமர்ந்த குடும்பங்களிலும், தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கத் தாய் ஒருத்தியே பிள்ளைகளைப் பேணும் இல்லங்களிலும், மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதை அறிந்தோர் அவ்வாறு கூறார். பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்கிறோம். என்ன உண்டான் என்று கேட்கிறோம். என்ன ஆடுகிறான் என்று கேட்டால், நமக்கு விளங்காத ஒரு வகைப்பெயரைச் சொல்லிவிட்டு அவன் மீண்டும் ஆட்டத்தில் ஆழ்ந்துவிடுகிறான். அப்பெயர்கள் எப்படி வந்தன? அவை எதைச் சொல்கின்றன? எதைச் சொல்லாமல் விடுகின்றன?

பெயர் பிறந்த கதை

இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்பது நம் மரபு. விளையாட்டுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலர் 'ரோக்' என்றொரு கணினி விளையாட்டை ஆக்கினர். நிலவறை ஒன்றினுள் இறங்கிச் செல்லும் ஆட்டம் அது. ஒவ்வொரு முறையும் அறைகள் புதிதாக அமையும். ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான், முதலிலிருந்தே தொடங்கவேண்டும். அதனைப் பின்பற்றி எழுந்தவற்றுக்கு 'ரோக்லைக்', அதாவது ரோக்கைப் போன்றது, என்ற பெயர் நிலைத்தது. 2008ஆம் ஆண்டு பெர்லின் நகரில் இத்துறையினர் கூடி, எவ்வெவ் இயல்புகள் இருந்தால் ஒன்றை ரோக்லைக் எனலாம் என்று ஒரு பட்டியலே வகுத்தனர். அவ்வியல்புகளிற் சிலவற்றை மட்டும் கொண்டவை பின்னர் 'ரோக்லைட்' எனப்பட்டன.

1986இல் வந்த 'மெட்ராய்ட்', பின்னர் வந்த 'கேசில்வேனியா' என்னும் இரண்டையும் ஒட்டவைத்து 'மெட்ராய்ட்வேனியா' என ஒரு பெயர் பிறந்தது. 2009இல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' ஆகியவற்றின் வழியே 'சோல்ஸ்லைக்' வந்தது. இவை யாவும் மூதாதையின் பெயரைச் சொல்லும் பெயர்கள். அம்மூதாதையை அறியாதவனுக்கு அவை ஒன்றும் உணர்த்துவதில்லை.

வேறொரு முறையும் உண்டு. 1993இல் வந்த 'டூம்' என்னும் சுடும் ஆட்டத்தைப் பார்த்து எழுந்தவற்றைத் தொடக்கத்தில் டூமின் நகல்கள் என்றே அழைத்தனர். நகல்கள் பெருகி, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியைக் கண்டபின், அப்பெயர் பொருந்தாமற் போயிற்று. 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்', அதாவது ஆடுபவன் தன் கண்வழியே கண்டு சுடும் ஆட்டம், என்ற பெயர் நிலைத்தது. இது செயலைச் சொல்லும் பெயர். மூதாதையைச் சொல்லும் பெயரினும் செயலைச் சொல்லும் பெயர் சிறந்தது என்பது நம் கருத்து.

நம் முன்னோர் இட்ட பெயர்களைப் பாருங்கள். ஆடு புலி ஆட்டம் என்றால் ஆடுவோர் இருவரும் சமமானவர் அல்லர் என்பது பெயரிலேயே விளங்கும். ஒருவர் கையில் 3 புலி. மற்றவர் கையில் 15 ஆடு. ஒருவர் வெட்டப் பார்க்கிறார். மற்றவர் கட்டப் பார்க்கிறார். 2016இல் வந்த 'டெட் பை டேலைட்' என்னும் ஆட்டத்தில் ஒருவர் துரத்த நால்வர் தப்பியோடுகின்றனர். இத்தகைய சமனிலா ஆட்டங்களைப் புதிய போக்கு என்று இன்று போற்றுவோர் உளர். திண்ணையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து ஆடிய நம் பாட்டன்மாருக்கு அது புதிதன்று.

பெயர் அச்சாகும்போது

வகைப்பெயரே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. 'ஸ்டீம்' என்னும் இணையக் கடையில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தன. பெயரும் வகையும் இல்லையெனில் அக்குவியலில் எதனை எவர் தேடுவது? பெரிய விளம்பரத்துக்கு வழியற்ற சிறு கலைஞனை அவனுடைய ஆட்டத்தை விரும்புவோரிடம் கொண்டு சேர்ப்பதும் அந்த வகைப்பெயரே. 2014 முதல் அக்கடையில் ஆடுவோரே தம் விருப்பப்படி வகைச்சொற்களை ஒட்டிவருகின்றனர். அதனால் நன்மை உண்டு.

தீமை எங்கே தொடங்குகிறது? அடையாளமாக வந்த பெயர் அச்சாக மாறும்போது தொடங்குகிறது. 'பேட்டில் ராயல்' என்னும் வகையை எண்ணுக. 1999இல் வெளியான ஜப்பானிய நாவல் ஒன்றின் பெயர் அது, 2000இல் திரைப்படமாயிற்று. தீவு ஒன்றில் இறக்கிவிடப்பட்டவர்களில் இறுதிவரை எஞ்சும் ஒருவரே வெல்வது என்ற அக்கதைக்கருவை 2017இல் 'பப்ஜி' நூறு பேர் ஆடும் ஆட்டமாக்கிப் பெரும்பொருள் ஈட்டியது. அதே ஆண்டு ஜூலையில் 'ஃபோர்ட்நைட்' என்ற ஆட்டம் வெளிவந்தது. நண்பர்கள் கூடி அரண் கட்டிப் பிணப்பேய்களை எதிர்க்கும் ஆட்டமாகவே அது தோன்றியது. செப்டம்பரில் அதனுள்ளும் நூறு பேர் போர் புகுத்தப்பட்டது. இன்று பலருக்கு ஃபோர்ட்நைட் என்றால் அது ஒன்றே நினைவுக்கு வரும். அடுத்த ஆண்டு 'கால் ஆஃப் டியூட்டி'யும் அவ்வழியே சென்றது. ஒருவர் தோட்டத்தில் ரப்பர் விலைபோனது கண்டு ஊரெல்லாம் தென்னையை வெட்டி ரப்பர் வைத்த கதைதான்! புதியதொன்றை ஆக்க வருவோனிடம், உன் ஆட்டம் எந்த வகை, இப்போது எந்த வகை விலைபோகிறது என்று முதலீடு செய்வோர் கேட்கும்போது, அவன் மனத்தில் முளைத்த விதை வெளிவராமலே கருகிவிடுகிறது.

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. புகைவண்டி நிலைய அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்திருக்கும் நாம் நாள்தோறும் காணும் ஒன்றைச் சொல்லுகிறோம். சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் எனக் கால அட்டவணையில் அமைந்தால் ஒரு வண்டி 'சூப்பர்ஃபாஸ்ட்' என்ற பெயரைப் பெறும். பெயரோடு தனிக்கட்டணமும் வரும். இடம் கிடைக்குமா, நேரத்துக்கு வருமா என்பவை அப்பெயரில் அடங்கா. ஆயினும் பயணச்சீட்டிலேனும் கட்டணம் அச்சாகியிருக்கிறது. விளையாட்டின் வகைப்பெயரிலோ கட்டணமே மறைந்திருக்கிறது. ஆட்டம் இலவசம் என்பார்கள். உள்ளே நுழைந்தபின் உடைக்கு ஒரு விலை, வண்ணத்துக்கு ஒரு விலை, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே வாங்கும் 'லூட் பாக்ஸ்' என்ற பெட்டிக்கு ஒரு விலை. இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் நாடு தீர்மானித்தது. சுடும் ஆட்டம், ஓட்டப்பந்தய ஆட்டம் என்னும் பெயர்கள் விரல் செய்யும் வேலையைச் சொல்லும், பெட்டியைச் சொல்லா.

பெயரும் சட்டமும்

பெயரைப் பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை சென்றதையும் நாம் கண்டோம். இணையவழி ரம்மி திறமை ஆட்டமா, தற்செயல் ஆட்டமா? பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்குக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் விதித்த தடையை, அது திறமை ஆட்டம் எனக் கூறி அவ்வாண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் நீக்கியது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் நிலைநிறுத்தியது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. ஆக, இஞ்சிவிளையின் இப்புறமும் அப்புறமும் 'திறமை' என்ற ஒரு சொல்லே அவ்வாட்டத்துக்குக் குடையாக நின்றது. குடும்பத்தின் கைப்பணம் கரைந்ததா என்பது அச்சொல்லுக்குள் வரவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வகைப்பாட்டையே மாற்றியது. மின்விளையாட்டுப் போட்டி, இணையச் சமூக விளையாட்டு, இணையப் பண விளையாட்டு என்று அது மூன்றாகப் பிரித்தது. பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடுவது, திறமையாயினும் தற்செயலாயினும், பண விளையாட்டே என்றது. சட்டத்தின் பிற கூறுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஓர் ஆட்டத்தை அது எவ்வாறு ஆடப்படுகிறது என்பதை மட்டும் வைத்து அழையாமல், ஆடுபவனிடமிருந்து எதை வாங்குகிறது என்பதை வைத்து அழைக்கும் இம்முறையே பெற்றோர்க்குப் பயன்படும் முறை என்று நாம் கருதுகிறோம்.

'வெண்பா' காட்டும் வழி

வகைப்பெயர் ஓர் ஆட்டத்தின் தீமையை மறைப்பது போலவே அதன் நன்மையையும் மறைத்துவிடும். இதற்குச் சான்றாக, தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது.

கடைகளில் இதற்குக் கிடைத்த வகைப்பெயர் 'சமையல் விளையாட்டு'. 2016இல் வந்த 'ஓவர்குக்டு' போன்ற சமையல் விளையாட்டுகளில் கடிகாரம் துரத்தும். பதறிப் பதறிக் காய் நறுக்கவேண்டும். அதனை நாடி வருவோர்க்கு இங்கே ஏமாற்றமே. இங்கே கடிகாரம் இல்லை. தாய் தந்த சமையற்குறிப்பு ஏடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரியில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணி இட்டலியும் புட்டும் செய்யவேண்டும். புட்டுக்குழலில் சில்லை முதலில் இடுவதா, மாவை முதலில் இடுவதா என்பது நம் பாறசாலைக் குழந்தைக்கும் தெரியும். அயல்நாட்டார் அதனை ஒரு புதிர் என ஆடி மகிழ்ந்தனர். தவறினால் மீண்டும் செய்யலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அச்சமையலுக்கு அடியில் ஓடுவது வேறு. மகன் தாய்மொழியிலிருந்து சிறிது சிறிதாக விலகுகிறான். தாய் அடுப்படியில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'சமையல்' என்ற சொல்லில் இது எங்கே இருக்கிறது?

அதன் பெயரோ ஒரு செய்யுள் வகையின் பெயர். வெண்பா என்றால் இன்ன சீர், இன்ன தளை என்று வடிவம் விளங்கும். உள்ளே இருப்பது அறமா, காதலா என்பது விளங்காது. திருக்குறளும் வெண்பாவே, புகழேந்தி பாடிய நளன் கதையும் வெண்பாவே. வடிவத்தை அறிந்தவன் நூலை அறிந்தவன் ஆகான். 2024ஆம் ஆண்டில் சிறு நிறுவனங்களின் விளையாட்டு விழாவில் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதற்படைப்புக்கான விருதையும் இவ்வாட்டம் பெற்றது. அது விலைபோகும் வகையைத் தேடி எழுந்ததன்று. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல எழுந்தது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றாது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் ஒரு பெயர். வீட்டுக்குள் வேறு பேச்சு. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று, கைப்பேசியில் ஆங்கிலத்தில் கூச்சலிட்டு ஆடும் பிள்ளை, பாட்டியின் தமிழுக்கு ஒற்றைச்சொல்லில் விடை கூறும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

பெற்றோர்க்கு மூன்று வினாக்கள்

ஆதலின் அன்பர்களே, பிள்ளை ஒரு வகைப்பெயரைச் சொன்னால் அதனோடு அமைந்துவிடாதீர்கள். அவனருகே சற்று அமர்ந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதலாவது: இந்த ஆட்டம் நடுவில் விட்டு எழ விடுமா? சாப்பிட அழைத்தால் எழ முடியாதபடி பூட்டும் ஆட்டமா, நிறுத்திவிட்டு நாளைத் தொடரக்கூடிய ஆட்டமா? இரண்டாவது: இது எந்த இடத்தில், எதற்காகப் பணம் கேட்கிறது? கைப்பேசியில் வங்கிக்கணக்கு இணைந்திருக்கும் வீடுகளில் இவ்வினா இன்றியமையாதது. மூன்றாவது: ஆடி முடித்தபின் உன்னிடம் என்ன மிஞ்சியது? ஒரு கதையா, ஒரு நுட்பமா, நண்பரோடு சிரித்த சிரிப்பா, வெறும் களைப்பா? கடிந்து கேட்டால் விடை வராது. அறியும் ஆவலோடு கேட்டால் அவனே ஆசிரியனாகி விளக்குவான். அவ்விளக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ரோக்லைக் என்பதற்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று அவனையே கேளுங்கள். செயலைச் சொல்லும் நல்ல தமிழ்ப்பெயர் ஒன்றை அவன் ஆக்கித் தந்தால், அது நம் மொழிக்கும் ஆக்கம். அவனுக்கும் தன் ஆட்டத்தைத் தள்ளிநின்று பார்க்கும் தெளிவு.

ஆடவேண்டா என்று தடுப்பது எளிது. தடுத்தபின் மறைவில் ஆடுவது அதனினும் எளிது. பெயருக்குப் பின்னே இருக்கும் பொருளைக் காணப் பிள்ளையைப் பழக்குவதே பெற்றோர் செய்யத்தக்க பணி. அப்பழக்கம் பெற்ற பிள்ளைகளுள் ஒருவன் நாளை நெய்யாற்றங்கரையின் கதையையே ஓர் ஆட்டமாக ஆக்கலாம். அதற்கு என்ன வகைப்பெயர் என்று உலகம் பின்னர் முடிவு செய்துகொள்ளட்டும்!