தேர் செய்யும் முன்னே வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பர். அதற்குள் மரமும் இரும்பும் கூலியும் செலவாகித் தேர் முழு உருவம் பெற்றிருக்கும் என்பதால், அச்சும் சக்கரமும் சரியாக உருள்கின்றனவா என்பதை மட்டுமே அந்த ஓட்டம் சொல்லும். வடம் பிடிக்க ஆள் வருமா என்ற ஐயம் அங்கே எழுவதில்லை. புதுத்தொழில் தொடங்குவோருக்கோ அந்த ஐயமே முதலாவது. பொருள் இயங்குமா என்பதைவிட, இயங்கினாலும் அதை எவரேனும் காசு கொடுத்து வாங்குவரா என்பதே அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமல் இருக்கிறது.

இதை அறிய, முழுப்பொருளையும் உருவாக்காமல் செய்யும் சோதனை வடிவத்துக்கு 'மினிமம் வயபிள் பிராடக்ட்', சுருக்கமாக எம்விபி, என்று பெயர். எரிக் ரீஸ் எழுதி 2011இல் வெளிவந்த 'தி லீன் ஸ்டார்ட்அப்' என்னும் நூலால் பரவலான இத்தொடர், வாடிக்கையாளரிடம் கற்க வேண்டியதைக் கற்பதற்குப் போதுமான மிகச் சிறிய வடிவத்தைக் குறிக்கிறது. அரைகுறைப் பொருளை அவசரமாகக் கடைக்கு அனுப்புவோர் இதையே சாக்காகச் சொல்வதும் உண்டு. உண்மையில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பது தெளிவாக இருந்தால், சோதனைப் பொருள் வெறும் மரக்கட்டையாக இருந்தாலும் போதும்.

அப்படி ஒரு மரக்கட்டை இருக்கவே செய்தது. 1993இல் வெளிவந்த 'ஜூமர்' என்னும் கையடக்கக் கருவி விலைபோகாததைக் கண்ட, அதை உருவாக்கியோரில் ஒருவரான ஜெஃப் ஹாக்கின்ஸ், அடுத்த கருவியின் மின்சுற்றை வடிவமைக்கும் முன், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு கட்டையைச் செதுக்கி, திரையைப் போல வரைந்த தாளை அதன்மேல் ஒட்டி, சீனர்கள் உணவருந்தும் குச்சியை எழுதுகோலாக வைத்துக்கொண்டார். எவரேனும் சந்திக்க நேரம் கேட்டால், அந்தக் கட்டையை எடுத்து நாட்குறிப்பைப் புரட்டுவது போலத் தட்டிப் பார்ப்பார். கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ, எதை எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறோம், எவ்வளவு கனம் பையைத் தொங்கவிடும் என்பவை அவருக்கு விளங்கின. 1996இல் 299 டாலருக்கு வந்த அவரது 'பைலட்' கருவி நன்கு விற்றது.

கட்டை சொன்னது ஒருவருடைய பழக்கத்தை மட்டுமே. பிறர் வாங்குவரா என்பதை அறிய விற்றுத்தான் பார்க்க வேண்டும். காலில் போட்டுப் பார்க்காமல் இணையத்தில் செருப்பும் ஷூவும் வாங்க எவர் முன்வருவர் என்ற ஐயம் வலுவாக இருந்த 1999இல், நிக் ஸ்வின்மர்ன் கடைக்காரர்களின் இசைவுடன் அவர்களது காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். ஆர்டர் வந்த பிறகு அதே கடையில் முழுவிலைக்கு வாங்கி அஞ்சலில் அனுப்பினார். கிடங்கும் சரக்கும் இல்லாத இந்த வியாபாரத்தில் லாபம் நிற்க வழியில்லை. ஆயினும், வாங்குவாயா என்று கேட்டால் முகத்துக்காக ஆமாம் என்பவரின் பதிலைப் போலன்றி, பணம் கட்டியவரிடமிருந்து கிடைத்த விடை அது. பிற்காலத்தில் ஜாப்போஸ் என்று பெயர்பெற்ற அந்நிறுவனத்தை 2009இல் அமேசான் வாங்கியது.

இதற்கு நேர்மாறானது வெப்வான். மளிகைப் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அந்நிறுவனம், 1999 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விநியோகத்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே, நாடெங்கும் தானியங்கிக் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தது. கிடங்கின் கொள்ளளவுக்கு ஆர்டர் வரவில்லை. 2001 ஜூலையில் அது திவாலானது. மளிகையை வீட்டுக்கு வரவழைக்கும் எண்ணம் தவறென்று இதற்குப் பொருளில்லை. எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவு தொகைக்கு வாங்குவர் என்பதை ஒரே ஊரில் பார்த்து முடிக்கும் முன்பே பல ஊர்களுக்குக் கல்லும் சிமெண்டும் இறக்கப்பட்டதுதான் கோளாறு.

வெப்வானில் பணியாற்றிய சிலரையும் கொண்டு அமேசான் இதே வியாபாரத்தை 2007இல் மீண்டும் எடுத்தபோது, சியாட்டிலை ஒட்டிய மெர்சர் ஐலண்ட் என்னும் சிறு புறநகரில்தான் தொடங்கியது. சியாட்டில் வட்டாரத்தை விட்டு வெளியேறி லாஸ் ஏஞ்சலஸுக்குச் செல்ல அது ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.