ஆடுவதும் ஆட்டுவதும்

ஆங்கிலத்தில் 'ஸ்வே' என்று ஒரு சொல் உண்டு. எஸ், டபிள்யூ, ஏ, ஒய் என்னும் நான்கே எழுத்துகள். சொல் சிறிது, மொழிபெயர்க்கப் புகுவார்க்கு அது தரும் தொல்லையோ பெரிது. அகராதியைப் புரட்டினால் முதலில் 'அசைதல், ஆடுதல், சாய்தல்' என்று காண்போம். சற்றுக் கீழே 'செல்வாக்கு, ஆட்சி, வயப்படுத்தல்' என்று காண்போம். காற்றில் ஆடும் தென்னைக்கும் அரியணையில் அமர்ந்த அரசனுக்கும் ஒரே சொல்லா என்று மாணவர் திகைப்பது இயல்பே. அத்திகைப்பைக் கூடியவரை நீக்க முயல்கிறேன். அதனோடு, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் போன்றவர்கள் இச்சொல்லை ஏன் சற்று எச்சரிக்கையோடு தமிழாக்க வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அசைவைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அசைவைக் குறிக்கும் சொற்கள் பல. கடிகாரத்தின் தொங்கல் ஆடுவது 'ஸ்விங்'. குளிரில் உடல் நடுங்குவது 'ஷிவர்'. தொட்டிலை ஆட்டுவது 'ராக்'. 'ஸ்வே' என்பது இவற்றுள் தனி வகை. அடி நிலைத்து நிற்க, மேற்பகுதி மெல்ல ஒருபுறம் வளைந்து, மீண்டு, மறுபுறம் வளைவதே அது. வளைதல் என்னும் பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்பர் சொற்பிறப்பு நூலார். திருமலையிலிருந்து கீழே இறங்கும் பழைய மலைப்பாதையில் பேருந்தில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1944-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், நின்றுகொண்டு வருவோர் அனைவரும் கால் பெயராமல் ஒருசேர இடப்புறம் சாய்வர். அடுத்த வளைவில் ஒருசேர வலப்புறம் சாய்வர். அதுதான் 'ஸ்வே'.

இனி, இவ்வசைவிலிருந்து செல்வாக்கு எவ்வாறு பிறந்தது? மரம் தானாக ஆடுவதில்லை, காற்று ஆட்டுகிறது. மரத்தின் இடத்தில் மனத்தையும், காற்றின் இடத்தில் பேச்சையோ அன்பையோ அச்சத்தையோ வைத்துப் பாருங்கள். பொருள் தானே விளங்கும். வழக்கறிஞரின் வாதம் நடுவர் குழுவை 'ஸ்வே' செய்தது என்றால், ஒரு பக்கம் நின்ற அவர்கள் மனத்தை மறுபக்கம் சாய்த்தது என்பது கருத்து. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'இன்ஃப்ளுயன்ஸ்' என்னும் செல்வாக்கு, மனம் முன்பு எங்கே நின்றது என்று கேட்பதில்லை. 'ஸ்வே' கேட்கும். முன்பு ஒரு நிலை இருந்தது, இப்போது அது சாய்ந்தது என்னும் குறிப்பு இச்சொல்லில் எப்போதும் உண்டு.

செயப்பாட்டு வினையாக வரும்போது இச்சொல்லில் சிறிது இழிவுக் குறிப்பும் ஒட்டிக்கொள்கிறது. நீதிபதி பொதுமக்கள் கூச்சலால் 'ஸ்வே' செய்யப்படவில்லை என்றால் அது பாராட்டு. இதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான தொடர் நம் வீடுகளிலேயே வழங்குகிறது: 'அவர் அசைந்து கொடுக்கவில்லை.' அசைவு, இணக்கம் ஆகிய இரு பொருளும் அந்த ஒரு தொடரில் அமைந்திருப்பதைக் காண்க. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற தொடர் இது. ஆயினும் பலர் இதை விட்டுவிட்டு 'ஊசலாடவில்லை' என்று எழுதுகின்றனர். அது பொருந்தாது. ஊசலாடுதல் என்பது முடிவு காணாது இருபுறமும் தவித்தல், சாய்ந்துவிடுதல் வேறு.

மேடைப் பேச்சாளர் கூட்டத்தை 'ஸ்வே' செய்தார் என்பதற்கு நாம் என்ன சொல்கிறோம்? 'கூட்டத்தைக் கட்டிப்போட்டார்' என்கிறோம்! ஆங்கிலேயன் அசைத்தான் என்கிறான். தமிழன் அசையவிடாமல் கட்டினான் என்கிறான். இரண்டும் ஒரே வெற்றிதான். மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் தேடுவோர் இவ்விடத்தில் திண்டாடுவர்.

மூன்றாவது பொருள் ஆட்சி. இப்பொருளில் இச்சொல் இன்று பெரும்பாலும் எழுத்து வழக்கிலேயே உள்ளது. செங்கோலை அசைத்தலாகிய செயல் காலப்போக்கில் ஆளுதலையே குறித்தது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் போர்ஷியா கருணையின் பெருமையைப் பேசுமிடத்தில், செங்கோலின் ஆட்சிக்கும் மேலானது கருணை என்னும்போது இச்சொல்லே வருகிறது. இது நமக்குப் புதிதா? 'கோலோச்சினான்' என்று நாம் சொல்வதில்லையா? ஓச்சுதல் என்பதற்கு உயர்த்துதல், வீசுதல், செலுத்துதல் என்றெல்லாம் பொருள். கோலை ஓச்சியவன் நாட்டை ஆண்டான். கடல் கடந்த இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாமலே, கோலின் அசைவில் ஆட்சியைக் கண்டிருக்கின்றன. கலைத்துறையிலோ வணிகத்திலோ ஒருவர் மேலோங்கி நிற்பதைச் சொல்ல நமக்குக் 'கொடிகட்டிப் பறந்தார்' என்பதும் உண்டு. அங்கும் ஓர் அசைவே.

'செல்வாக்கு' என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செல்லும் வாக்கு, செல்வாக்கு. யாருடைய வாய்ச்சொல் தடையின்றி நடக்கிறதோ அவர் செல்வாக்குடையவர். செல்லாத காசு போலவே செல்லாத சொல்லும் உண்டு. ஆக, நம் மொழியிலும் செல்வாக்கு என்பது இயக்கத்தின் பிள்ளையே.

ஆனால் ஒன்றில் தமிழ் ஆங்கிலத்தினின்று வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் மரம் ஆடினாலும் 'ஸ்வே', காற்று ஆட்டினாலும் 'ஸ்வே'. தமிழோ தன்வினை வேறு, பிறவினை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆடு, ஆட்டு, இயங்கு, இயக்கு, செல், செலுத்து. ஆடியவர் யார், ஆட்டியவர் யார் என்று தமிழில் எழுதுகிறவன் முடிவு செய்துகொண்டே எழுத வேண்டும். ஆங்கில மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் கேட்டு வாங்குகிறது. இது தமிழின் தெளிவு. அதே வேளையில் மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு பொறுப்பு.

யார் ஆடினார், யார் ஆட்டினார் என்று பிரிக்கவே முடியாத இடமும் உண்டு. லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே நடந்து செல்வோர்க்காகக் கட்டப்பட்ட மில்லினியம் பாலம் 2000-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் திறக்கப்பட்டது. மக்கள் திரளாக நடந்தபோது பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் மூடினர். ஆராய்ந்தபோது தெரிந்தது இது: பாலம் சிறிது ஆடியதும், நடந்தோர் விழாமலிருக்கத் தம் அடிகளை அவ்வாட்டத்துக்கு ஏற்ப வைத்தனர், அவ்வாறு வைத்த அடிகளே பாலத்தை மேலும் ஆட்டின. பாலம் மக்களை ஆட்ட, மக்கள் பாலத்தை ஆட்டினர். அதிர்வைத் தாங்கும் கருவிகளைப் பொருத்திய பின்னர் 2002-இல்தான் மீண்டும் திறந்தனர்.

இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் மன்றத்தில் கிழமைதோறும் மொழிபெயர்ப்புப் பயிற்சி நடப்பதுண்டு. ஒருமுறை ஓர் ஆங்கில வாக்கியம் கொடுக்கப்பட்டது. இம்மலையடிவாரத்தில் பல நூற்றாண்டுகள் தமிழ் 'ஸ்வே' கொண்டிருந்தது என்பது அதன் கருத்து. நண்பர் ஒருவர், 'தமிழ் ஆதிக்கம் செலுத்தியது' என்று எழுதினார். எங்களோடு விடுதியில் தங்கியிருக்கும் தெலுங்கு நண்பர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். ஏட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உங்கள் மொழி எங்களை அடக்கி ஆண்டதாகவா எழுதியிருக்கிறாய்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி வேடிக்கையன்று.

ஏனெனில் இந்த மண்ணில் அச்சொல் வெறும் அகராதிச் சொல்லாக இருந்ததில்லை. சித்தூர் மாவட்டம் 1911-இல், அந்நாளைய சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முன்னின்ற வட எல்லைக் கிளர்ச்சியும், எதிர்க் கிளர்ச்சியும், படாஸ்கர் தீர்ப்பும் நடந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது; சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இத்தனை முறை அசைந்த இடத்தில், 'ஆதிக்கம்' என்று எழுதினால் யாரோ ஒருவர் ஆண்டார், யாரோ ஒருவர் அடங்கினார் என்றே படிப்பவர் கொள்வர்.

உண்மை அவ்வாறு இருந்ததா? கல்வெட்டுகளைக் கேட்போம். திருமலை, திருப்பதிக் கோயில்களில் கிடைத்தவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. பல்லவ குலத்துச் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி வழங்கிய செய்தி தமிழில் வெட்டப்பட்டது. அது வியப்பில்லை. வியப்பு அதன்பின் வருகிறது. விசயநகர வேந்தர் காலத்திலும் இங்கே தமிழ்க் கல்வெட்டுகள் பெருகின. 1513-இல் முதன்முறை திருமலைக்கு வந்து பலமுறை வழிபட்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கைப் போற்றியவர். தாமே தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியம் இயற்றியவர். அக்காவியத்தின் தலைவியோ வில்லிபுத்தூர் ஆண்டாள்! ஆட்சி ஒருபுறம் இருக்க, மனம் எங்கே சாய்ந்தது என்று பாருங்கள். இன்றும் மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாறாகத் திருப்பாவையே ஓதப்படுகிறது. தெலுங்கு பேசும் அன்பர்கள் 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' என்கிறார்கள். ஆனித் திங்களின் பெயர் தாங்கிய 'ஆணிவார ஆஸ்தானம்' என்கிறார்கள்.

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது ஊஞ்சல் சேவை. தெலுங்கில் ஊஞ்சலுக்கு 'உய்யால' என்று அழகான சொல் இருக்கிறது. நம் ஊசலுக்கு அது உடன்பிறந்த சொல்லே. வடமொழியில் 'டோலோத்ஸவம்' என்றும் ஒரு பெயர் திருமலையில் வழங்குகிறது. இருந்தும் தெலுங்கு அறிவிப்புகளில் 'ஊஞ்சல் சேவை' என்றே காண்கிறோம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தி அச்சொல்லை நுழைக்கவில்லை.

மறுபுறமும் நோக்க வேண்டும். பண்டிகை, சந்தடி, வேடிக்கை ஆகியவை தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவை என்பர் மொழிநூலார். இக்கட்டுரையின் முதற்பத்தியில் நான் எழுதிய 'எச்சரிக்கை'கூட அவ்வழி வந்ததே. இசையிலோ கேட்க வேண்டியதில்லை. தஞ்சைத் தரணியில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கில் பாடினார்; தமிழ்நாட்டு மேடைகள் அப்பாட்டுக்குத் தலையசைத்தன. அத்தலையசைப்பு அளவு மீறிவிட்டது, தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமில்லை என்று கருதியவர்கள் 1940-களில் தமிழிசை இயக்கம் கண்டனர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அவர்கள் குறையில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். செல்வாக்கு எந்த இடத்தில் ஆதிக்கமாக மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்றவன் சொல் செல்ல இடமில்லாமற் போகும்போது அது மாறுகிறது.

அந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பிலும் காக்க வேண்டும். படை எடுத்தவன், அடக்கினவன் பற்றிய வாக்கியமாயின் 'ஆதிக்கம்' என்று தயங்காமல் எழுதுக. அரசன் பற்றியதாயின் கோலோச்சினான், ஆண்டான் என்க. மொழி, கலை, பழக்கம் பற்றியதாயின் செல்வாக்கு, வழக்கு, சாய்வு என்பவற்றுள் தக்கதைத் தேர்க. ஆங்கிலத்தில் எழுதும் நண்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். 'ஹோல்ட் ஸ்வே' என்னும் தொடரின் நடுவே 'தி' வாராது. அதன்பின் 'ஓவர்' வரும். ஒருவர் வயப்பட்டிருத்தலைச் சொல்லும்போது 'அண்டர் தி ஸ்வே ஆஃப்' என்று 'தி' வரும். தேர்வுத் தாள்களில் இவ்விரண்டும் இடம் மாறி வருவதைக் காண்கிறோம்.

அந்தப் பயிற்சி வாக்கியத்தை இறுதியில், 'பல நூற்றாண்டுகள் இம்மலையடிவாரத்தில் தமிழ் செல்வாக்குப் பெற்றிருந்தது' என்று அமைத்தோம். தெலுங்கு நண்பர் செல்வாக்கு என்றால் என்ன என்று கேட்டார். செல்லும் வாக்கு என்று பிரித்துக் காட்டினேன். "இது எங்களிடமும் உண்டே! 'அதனி மாட்ட செல்லுதுந்தி' என்போம்" என்றார். அவன் சொல் செல்லும் என்பது அதன் பொருள். அவரிடமே ஏட்டைக் கொடுத்து, எங்கள் வாக்கியத்தின் கீழே அதைத் தெலுங்கு எழுத்தில் எழுதச் சொன்னோம்.