மிரின்: ஜப்பானியச் சமையலின் இனிப்பு அரிசி மதுவும் அதற்கு மாற்றும்

பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும், மாநில எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியிலும் வேலை செய்வோருக்கு ஜப்பானிய நிறுவனங்கள் புதியவை அல்ல. இசுசூ வாகனத் தொழிற்சாலை ஸ்ரீசிட்டியில்தான் உள்ளது. பயிற்சிக்காக ஜப்பான் சென்று திரும்புவோர், அங்குப் பழகிய சுவையை வீட்டிலும் சமைத்துப் பார்க்க விரும்புவது இயல்பே. அச்சமையலில் அடிக்கடி இடம்பெறும் ‘மிரின்’ என்ற பொருளைப் பற்றி நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

பார்ப்பதற்குத் தேன்பாகு போன்றிருக்கும் மிரின் உண்மையில் ஒரு மது. ஒட்டும் தன்மையுள்ள அரிசியை வேகவைத்து, கோஜி என்னும் பூஞ்சை வளர்த்த அரிசியையும் ஷோச்சு என்னும் வடிமதுவையும் கலந்து ஊறவிடுவார்கள். கோஜி, அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அசல் மிரினில் சுமார் 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 8 கிராம் மாவுச்சத்து, பெரும்பாலும் சர்க்கரையாகவே இருக்கும். உப்புச் சேர்த்து விற்கப்படும் வகையிலும் ஆல்கஹால் உண்டு. ‘மிரின் போன்ற சுவையூட்டி’ என்ற வகையில் மட்டும் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

“கொதித்தால் ஆவியாகிப் போய்விடாதா?” என்று கேட்கலாம். முழுவதும் போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, குழம்பில் கலந்து 15 நிமிடம் கொதித்த பின்னும் சேர்த்த ஆல்கஹாலில் சுமார் 40 விழுக்காடும், 1 மணி நேரத்துக்குப் பின் 25 விழுக்காடும் எஞ்சுகின்றன. மிரின் சேர்க்கும் உணவுகளோ பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆகவே கல்லீரல் நோயுள்ளோர், கருவுற்ற தாய்மார், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருவோர் ஆகியோருக்கு மிரின் வேண்டாம். டைசல்ஃபிரம் மாத்திரை உட்கொள்வோருக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் முகச்சிவப்பு, படபடப்பு, வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மாத்திரையை நிறுத்திய பின்னும் 14 நாள்கள் வரை இந்த ஆபத்து உண்டு. மெட்ரோனிடசோல் மருந்து எடுப்போரும் மதுவைத் தவிர்க்குமாறே அறிவுறுத்தப்படுகின்றனர்.

மிரின் செய்யும் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. மீன் வாடையை அடக்கி, மேற்பரப்புக்குப் பளபளப்பும் தருகிறது. இவற்றை நம் அடுக்களையிலேயே பெறலாம். ஒரு மேசைக்கரண்டி மிரினுக்குப் பதிலாக, அதே அளவு நீர்த்த வடிகஞ்சியில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துச் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். கஞ்சி பளபளப்பைத் தரும். வாடைக்கு இஞ்சிச் சாறு போதும். பழவேற்காட்டு மடவை மீனுக்கும் இது நன்கு பொருந்தும். அசல் மிரினின் மணம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைப் பாதியாக்கி, அதையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். வெல்லமும் தேனும் இதற்கு விலக்கல்ல.

மிரினுடன் சேரும் சோயா சாஸையும் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராமுக்குள். இயற்கையாக நொதிக்க வைத்த சோயா சாஸில் சிறிதளவு ஆல்கஹாலும் இருக்கக்கூடும் என்பதால், டைசல்ஃபிரம் உட்கொள்வோர் அதைப் பயன்படுத்தும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.