கடைக்காரரின் இரண்டு இருப்புகள்

நைரோபியில் கூலிவேலை செய்பவர் ஊரிலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால், முன்பெல்லாம் அந்தப் பக்கம் போகும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் சொந்தக்காரர் யாராவது போகும்வரை காத்திருப்பார். கென்யாவில் வங்கிக் கிளைகள் பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்டன. கைப்பேசியோ கிராமம் வரை போயிருந்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற கைப்பேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை இந்த இடைவெளியில்தான் வேர்பிடித்தது.

தொடக்கத்தில் நோக்கமே வேறு. 2005இல் நடந்த சோதனை, சிறுகடன் தவணையைக் கைப்பேசி வழியாகக் கட்டுவதற்கானது. மக்கள் அதையே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். நிறுவனம் அதைக் கவனித்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழி என்றே விளம்பரம் செய்தது.

இதற்கு இணையம் வேண்டாம். சாதாரண பட்டன் போன் போதும். சிம் கார்டிலேயே மெனு இருக்கிறது. மூலைக்கடையில் ரொக்கம் கொடுத்தால், கடைக்காரர் தன் கணக்கிலிருக்கும் மின்பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றுவார். ரகசிய எண்ணை அழுத்தி நீங்கள் அனுப்பினால் தாய்க்குக் குறுஞ்செய்தி போகும். அவர் தன் ஊர்க் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். மக்கள் போட்ட தொகைக்கு ஈடான பணம் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் தனியே இருக்கும். அதை நிறுவனம் தன் செலவுக்கு எடுக்க முடியாது.

என்னைக் கேட்டால், மென்பொருளைவிடக் கடினமானது அந்தக் கடைக்காரரின் வேலை. அவர் ரொக்கம், மின்பணம் இரண்டையும் இருப்பு வைத்திருக்க வேண்டும். நகரத்துக் கடையில் எல்லோரும் பணம் போடுவதால் மின்பணம் தீர்ந்துபோகும். கிராமத்தில் எல்லோரும் எடுப்பதால் ரொக்கம் தீர்ந்துபோகும். வெகுதூரம் நடந்து வந்த ஒருவரிடம் "காசு இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொன்னால், அவர் மறுபடி நம்பி வருவாரா? இருப்பைச் சமன்செய்ய ஆள் அனுப்புவதும், கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் கமிஷன் கொடுப்பதும்தான் இந்தச் சேவையின் உயிர்.

எல்லா நாட்டிலும் இது எடுபடவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2010இல் தொடங்கி 2016இல் மூடினார்கள். அங்கே வங்கிக் கணக்கு ஏற்கெனவே பலரிடம் இருந்தது. இந்தியாவிலும் எம்-பெசா வந்து நிலைக்காமல் போனது. இங்கே வங்கிக் கணக்குகளின் மேல் அமைந்த யுபிஐ அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

கென்யாவில் கிடைத்த பலன் பெரியது. 2016இல் டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டில், சுமார் 1,94,000 குடும்பங்கள் இதனால் கடும் வறுமையிலிருந்து மீண்டன. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் பலன் அதிகம். பெண்கள் பலர் விவசாயத்தை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறியிருந்தார்கள்.