காரை – 11: வெல்லத் தண்ணீரைக் குடித்தது யார்?

போன வாரம் காளவாயிலிருந்து இறக்கிய சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப் போட்டதோடு நிறுத்தினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா என்ற சண்டை அதற்கும் முந்தைய வாரத்தோடு தீர்ந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி நீற்றிக் காட்ட இங்கே இடமில்லை.

இந்த வாரம் மாடிக்கு ஏறுவதாகச் சொல்லியிருந்தேன். மெட்ராஸ் டெரஸ் தளம், கட்டை அடி, தட்டோடு என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் 1732-ல் அச்சான ஒரு கடிதம் கையில் சிக்கி, என்னைப் படிக்கட்டிலேயே உட்கார வைத்துவிட்டது. ஆசிரியர் கட்டுரை எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவருக்கும் இதுதான் பதில்.

கடிதம் எழுதியவர் ஐசக் பைக். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். பிற்காலத்தில் நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்தார்களே, அதே தீவு. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் தண்ணீர் பிடிக்க அங்கே நிற்கும். கடிதத்தின் பொருள், மதராசில் மிகச் சிறந்த சாந்து எப்படித் தயாராகிறது என்பது. லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. 1672-ல் நியூட்டன் ஒளியையும் நிறங்களையும் பற்றி எழுதிய கட்டுரை வந்ததும் அதே இதழில்தான். அறுபது வருஷம் கழித்து அங்கே நம் ஊர்க் கொத்தனாரின் சாந்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

பைக் தரும் கணக்கு தெளிவானது. சலித்த மணல் 15 புஷல், கல் சுண்ணாம்பு 15 புஷல். ஒரு புஷல் ஏறக்குறைய 35 லிட்டர் என்று வைத்தால், ஒவ்வொன்றும் 500 லிட்டரைத் தாண்டும். நீற்றிக் கலந்து இரண்டு மூன்று நாள் அப்படியே போட்டுவைக்க வேண்டும். பிறகு 20 பவுண்டு வெல்லம், அதாவது சுமார் 9 கிலோ. அதைத் தண்ணீரில் கரைத்துச் சாந்தின் மேல் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். கால் புஷல் பயறைக் குழைய வேகவைத்து முரட்டுத் துணியில் வடிகட்டிய தண்ணீர் ஒன்று. பயறின் பெயரை அவர் ‘கிராம்’ என்கிறார். மதராஸ் பக்கத்து வழக்கப்படி அது கொள்ளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கால் புஷல் கடுக்காயை அதேபோல் கொதிக்கவைத்து எடுத்த தண்ணீர் இன்னொன்று. பெரிய பாத்திரம் இருந்தால் மூன்று தண்ணீரையும் ஒன்றாகவே கலந்துவைத்துக்கொள்ளலாம்.

இதுவரை இருப்பதை எந்த மூத்த கொத்தனாரும் சொல்வார். அடுத்து வரும் ஒரே ஒரு வாக்கியம்தான் இந்த வாரத்தை விழுங்கியது. அந்தப் பாத்திரத்தில் இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் நைஸான சுண்ணாம்பையும் போட்டு வைப்பார்களாம். எதற்கு? வேலையாட்கள் குடித்துவிடாமல் இருக்க!

இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேதியியல் குறிப்புக்கு நடுவில், அளவுகளுக்கு நடுவில், பசி வந்து உட்கார்ந்திருக்கிறது. சும்மா ஒருவர் அப்படிப் போட்டுவைக்க மாட்டார். யாராவது குடித்திருக்க வேண்டும். ஒரு தடவை இல்லை, வழக்கமாக. வெல்லம் கரைத்த தண்ணீர், அதில் பயறு வெந்த சத்து. கடுக்காய் நாக்கைத் துவர்க்கடிக்கும். அந்தத் துவர்ப்பையும் பொறுத்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள் என்றால், உச்சி வெயிலில் சாந்து அடிக்கிறவர்களுக்குக் காலையில் என்ன சாப்பாடு கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பைக்கின் கடிதத்தில் கொத்தனார் பெயர் கிடையாது, சித்தாள் கூலி கிடையாது. வேலை செய்தவர்கள் மனிதர்களாக எட்டிப்பார்க்கும் இடம் இந்த ஒன்றுதான், அதுவும் திருட்டு பயத்தில்.

பூட்டாக அவர்கள் போட்ட பொருளையும் பாருங்கள். அடுத்த நிமிஷம் சுண்ணாம்பிலேயே கலக்கப்போகிற தண்ணீருக்குச் சுண்ணாம்பே காவல். செலவு இல்லை, சாந்துக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் இல்லை என்பதோடு முடியவில்லை, நன்மையும் உண்டு. வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு மிகச் சொற்பமாகத்தான் கரையும், லிட்டருக்கு 2 கிராம்கூட வராது. சர்க்கரை சேர்ந்த தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு கரையும். ஆக, வேலையாளைத் தடுக்கப் போட்ட அந்தச் சுண்ணாம்பு வெல்லத்தோடு சேர்ந்து சாந்துக்கு வேண்டிய கரைசலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டிருந்தது. காவலுக்கு வைத்த ஆள் சமையலும் செய்திருக்கிறான்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற இடத்தில் நமக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். பைக் கதையை அவரிடம் சொன்னேன். நீல பிளாஸ்டிக் டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்தன. மேலே பழுப்பு நுரை, விளிம்பைச் சுற்றி எறும்பு வரிசை.

“இப்ப யாராவது குடிப்பாங்களா மேஸ்திரி?”

“குடிச்சா மறுநாள் வேலைக்கு வர மாட்டான் சார். கடுக்காய் ஆச்சே, வயித்தை வழிச்சுப்புடும்.” சிரித்துவிட்டு ஒரு கொம்பால் கலக்கிக் காட்டினார். “முதநாள் வெல்ல வாசம்தான். நாள் ஆக ஆக கள்ளு மாதிரி ஏறும். அந்த வாசம் வந்தாத்தான் சாந்துல ஊத்துவேன். இவுக காலையில கரைச்சு மத்தியானமே ஊத்தச் சொல்றாக.”

‘இவுக’ யார் என்பதை அவர் சொல்லவில்லை. கண்ணால் மட்டும் சைட் ஆபீஸ் பக்கம் காட்டினார். பிறகு கரண்டியில் கொஞ்சம் சாந்தை அள்ளித் தலைகீழாகக் கவிழ்த்தார். விழவில்லை. கரண்டியை ஒரு தட்டு தட்டினார். அப்போதும் விளிம்பு மட்டும் கொஞ்சம் நகர்ந்து, சாந்து ஒட்டிக்கொண்டே நின்றது. “இது அஞ்சு நாள் சாந்து” என்றார். பக்கத்துக் குவியலில் அதையே செய்தார். முழுவதும் பொத்தென்று பலகையில் விழுந்தது. அது அன்று காலை கலந்தது.

அந்தத் தண்ணீர் சாந்துக்குள் என்ன செய்கிறது? வெல்லம் சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைத்துச் சாந்தைக் குழைவாக்குகிறது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் சுண்ணாம்போடு பிணைகிறது. பயறின் புரதம் தண்ணீரைச் சட்டென்று விட்டுவிடாமல் பிடித்து வைக்கிறது. சாந்து மெதுவாக உலர்வது முக்கியம். காளவாயில் 100 கிலோ சுண்ணாம்புக்கல் 44 கிலோ கரியமில வாயுவைப் பறிகொடுத்ததை முன்பே பார்த்தோம். சுவரேறிய பிறகு சுண்ணாம்பு அந்த வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காலமும் வேண்டும். வெயிலில் சடக்கென்று காய்ந்தால் கல்லாக நேரமில்லாமல் பொடியாகத்தான் நிற்கும். பினாப்தலீன் கரைசலை ஒரு சொட்டு விட்டால் கல்லாகிவிட்ட இடம் நிறம் மாறாது. இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கும் இடம் ரோஜா நிறம் காட்டும். தடித்த சுவராக இருந்தால் உள்ளே ரோஜா நிறம் மறைய வருஷக்கணக்கில் ஆகும்.

இந்தக் காத்திருப்பு பிடிக்காதவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். வெல்லம், கடுக்காய் எல்லாம் போட்ட சுண்ணாம்புச் சாந்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொஞ்சம் சிமெண்ட். சைட்டுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் என்பது வேண்டாம், காரியம்தான் முக்கியம். சிமெண்டுக்குச் சர்க்கரை ஆகாது. மிகச் சிறிய அளவு சர்க்கரையே சிமெண்ட் இறுகுவதைத் தள்ளிப்போட்டுவிடும். ரெடிமிக்ஸ் லாரி வழியில் மாட்டிக்கொண்டால், உள்ளே கான்கிரீட் கல்லாகிவிடாமல் இருக்கச் சர்க்கரை கொட்டும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. அப்படியிருக்க, வெல்லச் சாந்தில் சிமெண்ட் போடுகிறவர் எதை எதற்குக் காவல் வைக்கிறார்?

சிமெண்ட் நன்றாக இறுகிவிட்டாலும் பழைய சுவருக்கு அது நல்லதில்லை. அதே ஜார்ஜ் டவுன் கட்டடத்தில், எப்போதோ சிமெண்ட் பூசிய ஒரு பகுதியை மேஸ்திரி உளியால் நெம்பினார். பூச்சு தகடாக, முழுசாகக் கழன்று வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தொட்டேன், சிவப்பு மாவாக உதிர்ந்தது. மாவுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்பு. தரையிலிருந்து ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டே இருந்திருக்கிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் செங்கல்லுக்குள் தங்கியது. உப்பு அங்கேயே படிகமாகி, சூளையில் லேசாக வெந்த பழைய செங்கல்லை உள்ளிருந்து உடைத்தது. பூச்சு பிழைத்தது, சுவர் போயிற்று. இரண்டு கை தள்ளி, சுண்ணாம்புப் பூச்சு விட்டுப்போயிருந்த இடத்தில் செங்கல் விளிம்பு கூராக அப்படியே இருந்தது.

சிமெண்ட் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று நடந்தது சென்னையில்தான், 1904-ல். மூலப்பொருள் என்ன தெரியுமா? கடற்சிப்பி! தலைமுறை தலைமுறையாகக் காளவாய்க்குப் போய்க்கொண்டிருந்த சிப்பியைச் சிமெண்டாக்கப் பார்த்தார்கள். கம்பெனி தேறவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் உள்நாட்டு சிமெண்ட் கால் ஊன்றியது. அதற்கு முந்தைய வருஷம், 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்தரமுமாக எழுந்தது. சென்னையில் அதற்கு முந்திய எந்தப் பொதுக் கட்டடத்தைத் தொட்டாலும் சுண்ணாம்பைத் தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் தீயில் எரிந்தது. எரிந்ததை இடித்துத் தள்ளாமல் பொதுப்பணித்துறை புதுப்பித்தது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் அரசாங்க மதிப்பீட்டுக்குள் திரும்பி வந்தன. பக்கத்திலிருந்த ஹுமாயூன் மகாலும் அந்த வழியில் பிழைத்தது. பாரம்பரியக் கட்டடம் என்றாலே இப்போது டெண்டரில் கடுக்காய் ஏறிவிடுகிறது.

என் குறை ஒன்றே ஒன்றுதான். கடுக்காய்க்கு விலை போடத் தெரிகிறது, கிலோ கணக்கு இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கும் நாளுக்கும், டிரம்மில் வாசம் ஏறும் நாளுக்கும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே சும்மா இருக்க வேண்டிய நாளுக்கும் எந்த மதிப்பீட்டில் வரி இருக்கிறது? நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும். மேஸ்திரி ‘இன்னும் அஞ்சு நாள்’ என்றால் அது வேலை தாமதம் என்று பதிவாகும். பொருளெல்லாம் பழையபடி வாங்கிவிட்டு நேரத்தை மட்டும் சிமெண்ட் கணக்கில் கொடுத்தால், கிடைப்பது கவிழ்த்த உடனே பொத்தென்று விழுந்த அந்தச் சாந்துதான். மறுபடி ஒழுகும்போது ‘சுண்ணாம்பு வேலை நிற்காது’ என்ற பேரும் சுண்ணாம்புக்கே போகும்.

பைக்கிடம் இன்னும் ஒன்று பாக்கி. உள்சுவரைப் பளபளப்பாக்கும் மேல்பூச்சுக்கு அவர் தனிக் கணக்கு தருகிறார். அரை புஷல் சாந்துக்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு, நாலு அவுன்ஸ் நெய், ஒரு பைண்ட் மோர். நாலு அவுன்ஸ் என்றால் 100 கிராமுக்குச் சற்று மேலே, பைண்ட் என்றால் அரை லிட்டர் பக்கம். செட்டிநாட்டு வீடுகளில் முட்டைப் பூச்சு என்று இன்றும் காட்டுகிறார்களே, தொட்டால் ஜில்லென்று கண்ணாடியாக வழுக்கும் சுவர், அதற்கும் இதற்கும் ஒரே குடும்பம். வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் உழைப்பு மாறாது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவருக்கு நெய், மோர், முட்டை. அந்தச் சுவரைப் பூசியவர் வெல்லத் தண்ணீரில் ஒரு கை அள்ளிக் குடித்துவிடக் கூடாது. மதராஸ் பூச்சு சலவைக்கல் மாதிரி மின்னியது என்று வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிக் குவித்ததைப் படிக்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தப் பாத்திரமும் சேர்ந்தே தெரியும். கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கோடிக்கணக்கில் செலவழிக்கும் இடத்தில், டிரம்மைக் கலக்குகிற மேஸ்திரிக்குத் தினக்கூலிதான் என்பதையும் அதோடு எழுதிவைக்கிறேன். அவருக்குப் பின்னால் அந்த வாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பெயிண்டிங் வேலைக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மாடிக்கு ஏற முடியவில்லை. அடுத்த வாரம் கட்டாயம். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டமாக, நெட்டுக்குத்தாக நிறுத்தி ஒட்டும் வித்தை, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிக்கும் வேலை, அடித்தது போதும் என்பதைக் கட்டையே எப்படிச் சொல்லும் என்ற கணக்கு, எல்லாம் வரும். அந்த அடிக்குத் தெளிக்கும் தண்ணீரும் இதே வெல்லமும் கடுக்காயும்தான். உங்கள் பழைய வீட்டு மாடி இந்த மழையில் ஒழுகி, மேலே சிமெண்ட் போட்டுவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்லியிருந்தால், மூட்டை வாங்குவதை ஒரு வாரம் தள்ளிவைத்து அடுத்த இதழைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)