விலா இடுக்கில் ரோபோ எப்படி மணிக்கட்டை மடக்குகிறது?

குறுகிய வாய் ஜாடியின் அடியில் கிடக்கும் மாவடுவை நீளக் கரண்டியால் எடுத்திருக்கிறீர்களா? கை வலப்பக்கம் போனால் கரண்டி நுனி இடப்பக்கம் போகும்.

சிறு துளை வழியே நீளக் கருவிகளால் செய்யும் சாவித்துளை நெஞ்சு அறுவை சிகிச்சையிலும் இதே சிக்கல்தான். விலா எலும்புகளின் இடுக்குதான் ஜாடியின் வாய்.

கரண்டி நுனியில் ஒரு குட்டி மணிக்கட்டு முளைத்தால்? அமெரிக்காவில் 2000-ல் அனுமதி பெற்ற டாவின்சி ரோபோ தருவது அதைத்தான். மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். கணினி கை நடுக்கத்தை வடிகட்டி, அசைவைச் சுருக்கி, திசை மாறாமல் உள்ளே அனுப்புகிறது. நுரையீரல் ரத்தக்குழாய் அருகே வேலை செய்ய இது பெரிய வரம்.

பயப்படாதீர்கள், ரோபோ தானாக வெட்டாது.

குறை? செலவு அதிகம். பெரும்பாலான ரோபோ கருவிகளில் தொடு உணர்வும் இல்லை. தேர்ந்த கைகளில் வழக்கமான சாவித்துளை முறையும் நல்ல பலன் தருகிறது. எனவே, கருவியின் பெயரைவிட மருத்துவரின் அனுபவத்தை முதலில் கேளுங்கள்.